வெற்றிடத்திலிருந்து துகள்கள்: தொடக்ககாலப் பிரபஞ்சம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரபஞ்சம் போதுமான வேகத்தில் விரிந்தால், வெறும் வெளியிலிருந்தே துகள்கள் உண்டாகும். ஈர்ப்புப் புலம் மட்டும் இருந்தால் போதும், வேறு எந்த விசையும் தேவையில்லை. இதை முதலில் கேட்கும் பலருக்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சமன்பாடுகள் கிடையாது. ஆனால் இரண்டு மூன்று இடங்களில் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கும்.

ஈர்ப்பு துகளை உண்டாக்குகிறது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

குவாண்டம் புலக் கோட்பாட்டில் அடிப்படையானது துகள் அல்ல, புலம். எலெக்ட்ரான் என்பது எலெக்ட்ரான் புலத்தில் எழும் ஒரு கிளர்ச்சி. ஃபோட்டான் என்பது மின்காந்தப் புலத்தில் எழும் கிளர்ச்சி. ஒரு புலத்தைப் பல்வேறு நீளமுள்ள அலைகளாகப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வோர் அலையும் தனித்தனி அலையியற்றியாக, அதாவது ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் அதிரும் அமைப்பாக, நடந்துகொள்ளும். எல்லா அலையியற்றிகளும் மிகக் குறைந்த ஆற்றல் படியில் இருந்தால் அதை வெற்றிடம் என்கிறோம். ஓர் அலையியற்றி ஒரு படி மேலே இருந்தால் ஒரு துகள், இரண்டு படி மேலே இருந்தால் இரண்டு துகள்கள். அவ்வளவுதான் கணக்கு.

பிரபஞ்சம் விரியும்போது இந்த அலைகளும் சேர்ந்து நீள்கின்றன. நீளம் மாறினால் அதிர்வெண்ணும் மாறும். மாற்றம் மெதுவாக நடந்தால் அலை அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு கீழ்ப்படியிலேயே இருந்துவிடும். ஓர் அதிர்வு முடிவதற்குள்ளேயே அதிர்வெண் கணிசமாக மாறிவிட்டால் சரிசெய்துகொள்ள அவகாசம் இருக்காது. விரிவு ஓய்ந்த பிறகு பார்த்தால் அலை மேல்படிகளில் இருக்கும். அதாவது, முன்பு துகள் இல்லாத இடத்தில் இப்போது துகள் இருக்கிறது.

ஒன்றுமே இல்லாததை எப்படிப் பெருக்க முடியும்?

நியாயமான கேள்வி. ஊஞ்சல் பலகையில் நின்றபடி சரியான நேரம் பார்த்து உட்கார்ந்து எழுந்தால், யாரும் தள்ளாமலேயே ஆட்டம் பெரிதாகும். உட்கார்ந்து எழும்போது ஊஞ்சலின் பயன்படு நீளம் மாறுகிறது, அதனால் அதிர்வெண் மாறுகிறது, ஆட்டத்துக்குள் ஆற்றல் போகிறது. ஆனால் அசையாமல் தொங்கும் ஊஞ்சலில் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தாலும் ஒன்றும் நடக்காது. பெருக்குவதற்கு முதலில் ஒரு சிறு ஆட்டமாவது இருக்க வேண்டும்.

குவாண்டம் உலகில் முற்றிலும் அசையாத ஊஞ்சல் கிடையாது. ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாடு அதை அனுமதிக்காது. மிகக் குறைந்த ஆற்றல் படியிலும் ஒரு சிறு நடுக்கம் மிச்சமிருக்கும். அந்த நடுக்கத்தைத்தான் விரிவு பிடித்துப் பெருக்குகிறது. ஒரேயொரு வித்தியாசம்: பிரபஞ்சம் தாளம் தவறாமல் உட்கார்ந்து எழ வேண்டியதில்லை. ஒரே ஒரு வேகமான மாற்றம் போதும்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

முதலில் பார்த்தவர் குவாண்டம் இயற்பியலின் முன்னோடிகளில் ஒருவரான ஷ்ரோடிங்கர், 1939-இல். நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதால் கிராட்ஸ் நகரில் பதவியை இழந்து வெளியேறிய காலம் அது. விரியும் பிரபஞ்சத்தில் ஓர் அலையின் கதி என்ன என்று கணக்கிட்டார். முன்னோக்கிச் செல்லும் அலையை மட்டும் வைத்துத் தொடங்கினாலும், விரிவின் போக்கில் எதிர் அதிர்வெண் கொண்ட பகுதியும் அதில் கலந்துவிடுவதைக் கண்டார். அந்தக் கலப்புக்கு அர்த்தம் துகள் பிறப்பு. ஷ்ரோடிங்கருக்கு இதில் மகிழ்ச்சியில்லை. கலவரமூட்டும் விளைவு என்றே அதைக் குறிப்பிட்டார்.

அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு அதிகம் யாரும் தொடவில்லை. 1960-களின் நடுவில் ஹார்வர்டில் சிட்னி கோல்மனிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த லெனார்ட் பார்க்கர், முழு குவாண்டம் புலக் கோட்பாட்டையும் கொண்டு இந்தக் கேள்வியை ஒழுங்காகத் தீர்த்தார். 1968, 1969 ஆண்டுகளில் அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. தொடக்க வெற்றிடத்தையும் இறுதி நிலையையும் இணைக்க அவர் கையாண்டது பொகொல்யுபோவ் உருமாற்றம். 1947-இல் மீப்பாய்மத்தை (உராய்வே இல்லாமல் ஓடும் திரவத்தை) விளக்க நிகோலாய் பொகொல்யுபோவ் உருவாக்கிய கருவி அது. குளிர்ந்த ஹீலியத்துக்காகச் செய்த கணிதம் பிரபஞ்சத்தின் பிறப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

சோவியத் பக்கம் யாக்கோவ் செல்தோவிச், அலெக்ஸேய் ஸ்தாரோபின்ஸ்கி, லியோனித் கிரிஷ்சுக் ஆகியோர் 1970-களில் இதே பாதையில் வெகுதூரம் போனார்கள். பெயர் அதிகம் தெரியவில்லையே தவிர, இந்தத் துறையின் பாதி அங்கே உருவானது என்று சொன்னால் மிகையில்லை.

"மாயத்துகள் ஜோடிகளை விரிவு இழுத்துப் பிரித்துவிடுகிறது" என்று படித்திருக்கிறேனே?

எனக்கு அந்த விளக்கத்தில் அவ்வளவு திருப்தி இல்லை. வெற்றிடத்தில் குட்டிப் பந்துகள் ஜோடி ஜோடியாகத் தோன்றி மறைவதாகவும், வெளி நீள்வதால் அவை மறுபடி சேர முடியாமல் போவதாகவும் சொல்வார்கள். ஒரு விஷயம் அதில் சரி: துகள்கள் ஜோடியாகத்தான் பிறக்கின்றன, ஒன்றின் உந்தம் மற்றதன் உந்தத்துக்கு நேர் எதிராக இருக்கும். ஆனால் எவ்வளவு துகள், எந்தத் துகள், ஏன் ஃபோட்டான் வராது என்ற எந்தக் கேள்விக்கும் அந்தச் சித்திரம் பதில் சொல்லாது. அலையும் அதிர்வெண்ணும் என்ற கணக்குதான் பதில் சொல்லும்.

எவ்வளவு வேகமாக விரிந்தால் போதும்? இப்போதும்தான் பிரபஞ்சம் விரிகிறதே!

ஒப்பிட வேண்டியவை இரண்டு கால அளவுகள். ஒன்று, பிரபஞ்சம் குறிப்பிடத்தக்க அளவு விரிய எடுக்கும் காலம். மற்றொன்று, துகளின் புலம் ஒரு முறை அதிர எடுக்கும் காலம்.

இன்றைய விரிவின் கால அளவு சுமார் 1,400 கோடி ஆண்டுகள். எலெக்ட்ரான் புலத்தின் அலைகளோ, எலெக்ட்ரானின் நிறையின் காரணமாக, ஒரு நொடிக்குக் குறைந்தது 12 லட்சம் கோடி கோடி முறை அதிர்கின்றன. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இன்றைய விரிவு அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இத்தகைய மெதுவான மாற்றத்தில் துகள் பிறக்கும் வாய்ப்பு அடுக்குக்குறி வேகத்தில் சுருங்கிவிடும். எனவே இன்று எலெக்ட்ரான்கள் இப்படிப் பிறப்பதாகக் கவலைப்பட வேண்டாம்.

பிரபஞ்சத்தின் முதல் நொடியில், அதன் நுணுக்கமான ஒரு பகுதியில், நிலைமையே வேறு. அப்போது இரண்டு கால அளவுகளும் நெருங்கிவந்தன. துகளின் நிறை அதிகமானால் அதிர்வெண் அதிகம், ஆகவே இன்னும் முந்தைய, இன்னும் வேகமான கட்டத்துக்குப் போக வேண்டும்.

அப்படியென்றால் நிறையே இல்லாத ஃபோட்டான்தானே மிக எளிதாகப் பிறக்க வேண்டும்?

அப்படித்தான் தோன்றும். ஆனால் எல்லாத் திசைகளிலும் ஒரே மாதிரி விரியும் பிரபஞ்சத்தில் ஃபோட்டான் ஒன்றுகூடப் பிறக்காது! பார்க்கரின் முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

காரணம், மின்காந்தப் புலத்தை ஆளும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளின் ஒரு விசேஷ குணம். நீளம், அகலம், உயரம், காலம் நான்கையும் ஒரே விகிதத்தில் பெருக்கினால் அந்தச் சமன்பாடுகளின் வடிவம் மாறாது. சீராக விரியும் பிரபஞ்சத்தில், காலத்தைத் தகுந்தபடி அளந்தால், மின்காந்தப் புலத்துக்குத் தான் விரியாத வெளியில் இருப்பதாகவே படும். அதன் அலைநீளம் இழுபடும், ஒளி சிவப்பு நோக்கி நகரும், ஆனால் எண்ணிக்கை கூடாது. நிறையற்ற நியூட்ரினோவுக்கும் இதே கதைதான். நிஜ நியூட்ரினோவுக்குக் கொஞ்சம் நிறை உண்டு, அதனால் தடை முழுமையானதல்ல. ஆனாலும் அதனால் கிடைக்கும் எண்ணிக்கை சொற்பம்.

இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. நட்சத்திர மண்டலங்களில் காணும் காந்தப் புலங்களின் விதை எங்கிருந்து வந்தது என்பது நீண்டநாள் புதிர். தொடக்க விரிவிலேயே அது முளைத்தது என்று சொல்ல விரும்புவோர், முதலில் மின்காந்தத்தின் இந்தக் குணத்தை எப்படியாவது உடைக்க வேண்டியிருக்கிறது.

எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி விரியாவிட்டால்?

அப்போது ஃபோட்டானுக்கும் தடை இல்லை. ஒரு திசையில் நீண்டு இன்னொரு திசையில் சுருங்கும் பிரபஞ்சத்தை 1970-களின் தொடக்கத்தில் செல்தோவிச்சும் ஸ்தாரோபின்ஸ்கியும் ஆராய்ந்தார்கள். துகள்கள் ஏராளமாகப் பிறக்கின்றன, பிறந்த துகள்களின் ஆற்றலும் அழுத்தமும் திரும்ப விரிவையே பாதித்து, திசைகளுக்கிடையிலான வேறுபாட்டைத் தணிக்கின்றன என்று தெரிந்தது. பிரபஞ்சம் எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாமோ என்று அன்று நம்பினார்கள். பின்னர் வந்த பெருவீக்கக் கொள்கை (தொடக்கத்தில் அதிவேக விரிவு ஒன்று நடந்தது என்பது) அந்த வேலையை வேறு வழியில் முடித்துவிட்டதால் இந்த யோசனை பின்னுக்குப் போனது.

ஆற்றல் மாறா விதி என்னவாயிற்று?

விதி அப்படியே இருக்கிறது, ஆனால் அது பொருந்தும் எல்லை மாறுகிறது. மொத்த ஆற்றல் மாறாது என்ற விதி, இயற்பியல் விதிகள் நேற்றும் இன்றும் ஒரே பின்னணியில் இயங்குகின்றன என்ற சமச்சீரிலிருந்து வருகிறது. எமி நோதர் 1918-இல் நிறுவிய தேற்றம் இது. விரியும் பிரபஞ்சத்தில் பின்னணியே நேரத்தோடு மாறுகிறது. எனவே ஒட்டுமொத்தப் பிரபஞ்சத்துக்கும் "மொத்த ஆற்றல் இவ்வளவு" என்று ஒரு மாறா எண்ணை எழுதிவைக்க முடியாது. ஒவ்வொரு சிறு பகுதியிலும் ஆற்றலும் உந்தமும் கணக்குத் தவறாமல் கைமாறுகின்றன. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் அதைக் கட்டாயப்படுத்துகின்றன. பிறந்த துகள்களின் ஆற்றலுக்கு ஈடாக விரிவின் போக்கு மாறும். ஓசியில் எதுவும் வரவில்லை.

நம்மைச் சுற்றியுள்ள பொருள் எல்லாம் இப்படிப் பிறந்ததுதானா?

நேரடியாக இல்லை. இன்று பரவலாக ஏற்கப்படும் கதைப்படி, முதலில் பெருவீக்கம் எனும் அதிவேக விரிவு நடந்தது. அதை நடத்திய புலம் கடைசியில் சிதைந்து, தன் ஆற்றலை வெப்பமான துகள் கூட்டமாக மாற்றியது. புரோட்டான், எலெக்ட்ரான் எல்லாம் அந்த வெப்பத்தின் வழி வந்தவை. ஈர்ப்பின் வழிப் பிறப்பே மொத்த வெப்பத்தையும் தந்திருக்கலாம் என்று லாரன்ஸ் ஃபோர்டு 1987-இல் ஒரு வழி காட்டினார். அது இன்றும் சில மாதிரிகளில் உயிரோடு இருக்கிறது, ஆனால் பிரதானப் பாதை அல்ல.

பிறகு இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பொருள் இதனால் வரவில்லை, சரி. ஆனால் பொருள் ஏன் எங்கும் ஒரே சீராகப் பரவிக் கிடக்காமல் நட்சத்திர மண்டலங்களாகத் திரண்டது என்ற கேள்விக்குப் பதில் இதே விளைவுதான்.

பெருவீக்கத்தில் எல்லா நீளங்களும் குறைந்தது 1-க்குப் பின் 26 சுழிகள் போட்ட மடங்கு நீண்டதாகக் கணக்கிடுகிறார்கள். அணுவைவிடப் பலமடங்கு சிறிய அலைகள் அதில் சிக்கின. ஓர் அலையின் நீளம், அன்றைய விரிவு அனுமதித்த தொடர்பு எல்லையைத் தாண்டியதும் அது அதிர்வதை நிறுத்தி, இருந்த வீச்சோடு உறைந்துவிடும். சாதாரணமாக விரிவுக்கு ஏற்ப மங்கிப்போக வேண்டிய வெற்றிட நடுக்கம், உறைந்ததால் மங்காமல் தப்பியது. துகள் கணக்கில் சொன்னால், அந்த அலையில் துகள்களின் எண்ணிக்கை பிரம்மாண்டமாகக் கூடிவிட்டது. அவ்வளவு கூடியதால்தான் அது குவாண்டம் நடுக்கமாகத் தெரியாமல், இங்கே கொஞ்சம் அடர்த்தி அதிகம், அங்கே கொஞ்சம் குறைவு என்ற சாதாரண ஏற்றத்தாழ்வாகத் தெரிகிறது.

மாஸ்கோவில் வியாச்செஸ்லாவ் முகானோவும் கென்னடி சிபிசோவும் 1981-இல் இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 1982 கோடையில் கேம்பிரிட்ஜில் நடந்த பட்டறையில் ஹாக்கிங், கூத், ஸ்தாரோபின்ஸ்கி, இவர்களோடு பார்டீன், ஸ்டைன்ஹார்ட், டர்னர் என்ற மூவர் கூட்டணி ஆகியோர் தனித்தனி வழிகளில் முட்டிமோதி, கடைசியில் ஒரே மாதிரியான விடைக்கு வந்துசேர்ந்தார்கள்.

பத்தாண்டு கழித்து, 1992 ஏப்ரலில், கோபி செயற்கைக்கோள் அண்ட நுண்ணலைப் பின்னணியில் (தொடக்ககாலப் பிரபஞ்சத்திலிருந்து மிஞ்சிய கதிர்வீச்சில்) அந்த ஏற்றத்தாழ்வைக் கண்டதாக அறிவிப்பு வந்தது. 2.725 கெல்வின் வெப்பநிலையில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம். அந்த ஆய்வுக்காக ஜான் மாதரும் ஜார்ஜ் ஸ்மூட்டும் 2006-இல் நோபல் பெற்றார்கள். அடுத்து 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலம் இன்னும் நுட்பமான ஒன்றை அளந்தது. எல்லா நீளங்களிலும் ஏற்றத்தாழ்வு சமமாக இருந்தால் ஒரு குறிப்பிட்ட எண் 1 என்று வர வேண்டும். பெருவீக்கத்தின்போது விரிவு வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் அது 1-ஐவிடச் சற்றுக் குறைய வேண்டும். பிளாங்க் தந்த விடை 0.965, பிழை எல்லை 0.004. ஷ்ரோடிங்கரைக் கலவரப்படுத்திய அந்தக் கலப்பின் கைரேகை என்று இதைத்தான் காட்டுவேன். பெருவீக்கத்தையே ஏற்காத அறிஞர்களும் உண்டு. இந்த எண்ணை அவர்கள் வேறு வழியில் விளக்க முயல்கிறார்கள்.

கிராவிட்டானும் பிறக்குமா?

பிறக்கும். கிராவிட்டான் என்பது ஈர்ப்பலையின் துகள். ஃபோட்டானுக்கு இருக்கும் பாதுகாப்பு ஈர்ப்பலைக்குக் கிடையாது என்று கிரிஷ்சுக் 1974-இல் காட்டினார். பெருவீக்கத்தில் பிறக்கும் ஈர்ப்பலைகளின் அளவை ஸ்தாரோபின்ஸ்கி 1979-இல் கணக்கிட்டார், பெருவீக்கம் என்ற பெயர் பிரபலமாவதற்கு முன்பே. இதில் ஒரு விநோதம்: கதிர்வீச்சு மட்டுமே நிறைந்து விரியும் காலகட்டத்தில் ஈர்ப்பலைக்கும் பெருக்கம் இல்லை. பிரபஞ்சம் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாறும் இடங்கள்தான் முக்கியம்.

அந்த ஈர்ப்பலைகளைக் கண்டுவிட்டார்களா?

இன்னும் இல்லை. 2014 மார்ச்சில் தென்துருவத்திலிருந்த பைசெப்-2 தொலைநோக்கிக் குழு கண்டுவிட்டதாக அறிவித்தது. உலகமே கொண்டாடியது. பிளாங்க் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தச் சமிக்ஞைக்கு நம் பால்வெளி மண்டலத்தின் தூசியே போதும் என்று 2015-இல் தெரிந்தது. அதே குழுவினர் 2021-இல் ஓர் உச்சவரம்பை வெளியிட்டார்கள்: ஈர்ப்பலைகளின் பங்கு, அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளின் பங்கோடு ஒப்பிட்டால் 0.036-க்கு மேல் போகாது. கிடைக்காததும் ஒரு தகவல்தான். பெருவீக்கத்தின்போது விரிவு வேகம், ஆற்றல் அலகில் சொன்னால், ஏறத்தாழ 50 லட்சம் கோடி ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டவில்லை என்று அதிலிருந்து தெரிகிறது. ஜப்பான் திட்டமிட்டுள்ள லைட்பேர்ட் விண்கலம் இந்தத் தேடலை விண்ணிலிருந்து தொடரும்.

கரும்பொருள் இப்படிப் பிறந்திருக்குமா?

சாத்தியம் உண்டு. கரும்பொருள் என்பது ஒளி உமிழாத, ஈர்ப்பால் மட்டுமே நமக்குத் தெரியவரும் பொருள். அது ஈர்ப்பைத் தவிர வேறு எதனோடும் உறவாடாத துகளாக இருந்தால், அது பிறப்பதற்கும் ஈர்ப்பு மட்டுமே போதும் என்பது இந்த யோசனையின் அழகு. 1998-இல் டேனியல் சுங், எட்வர்டு கோல்ப், அந்தோனியோ ரியோத்தோ ஆகியோரும், தனியாக ரஷ்யாவின் குஸ்மின், த்காச்செவ் ஆகியோரும் இதை முன்வைத்தார்கள். புரோட்டானைப் போல் சுமார் 10 லட்சம் கோடி மடங்கு கனமான துகள்கள், பெருவீக்கம் முடியும் தருணத்தில், தேவையான அளவில் பிறந்திருக்கலாம். கரும்பொருளாக வழக்கமாகத் தேடப்படும் விம்ப் (மிகக் குறைவாகவே வினைபுரியும் கனமான) துகள்களின் ராட்சத வடிவம் என்பதால் காட்ஸில்லா பாணியில் "விம்ப்ஸில்லா" என்று பெயர் வைத்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், அதைச் சோதிப்பது மிகக் கடினம். ஜெனீவாவின் பெரிய ஹாட்ரான் மோதுவிப்பானின் ஆற்றலைப் போல் 70 கோடி மடங்கு வேண்டும். அந்தத் துகள் எப்போதாவது சிதைந்தால் உச்ச ஆற்றல் காஸ்மிக் கதிர்களில் தடயம் தெரியலாம் என்று அர்ஜென்டினாவின் பியேர் ஓஜே ஆய்வகத் தரவுகளில் தேடுகிறார்கள். இதுவரை வரம்புகள்தான் கிடைத்துள்ளன.

ஹாக்கிங் கதிர்வீச்சும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம். ஹாக்கிங் கதிர்வீச்சு என்பது கருந்துளையிலிருந்து துகள்கள் வெளிவருவது. பார்க்கர் விரியும் பிரபஞ்சத்துக்குச் செய்ததை ஹாக்கிங் 1974-இல் சுருங்கும் நட்சத்திரத்துக்குச் செய்தார். கருந்துளையில் தொடுவானம் (அதைத் தாண்டி உள்ளே போனது எதுவும் திரும்ப முடியாத எல்லை) இருப்பதால் வெப்பக் கதிர்வீச்சின் வடிவம் தானாக வருகிறது. பிரபஞ்ச விரிவில் விடை விரிவின் வரலாற்றைப் பொறுத்தது. மின்புலம் எலெக்ட்ரான் ஜோடிகளை உண்டாக்கும் ஷ்விங்கர் விளைவும் உறவுதான். அதற்கு மீட்டருக்குச் சுமார் 13,000 கோடி கோடி வோல்ட் தேவை.

விரிவு நடந்துகொண்டிருக்கும்போதே துகள்களை எண்ண முடியுமா?

முடியும், ஆனால் எண்ணிக்கைக்கு ஒரே விடை இருக்காது. அலையின் கீழ்ப்படி எது என்பதே கணத்துக்குக் கணம் மாறுவதால், எந்தக் கணத்தின் வெற்றிடத்தை அளவுகோலாக எடுக்கிறோமோ அதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். விரிவுக்கு முன்பும் பின்பும் மாற்றம் மெதுவாக இருக்கும் இடங்களில்தான் குழப்பமில்லாமல் எண்ணலாம். ஆற்றல் அடர்த்தி போன்ற அளவுகள் நடுவிலும் பொருளுள்ளவை, எனவே அவற்றைக் கணக்கிடுவதே நல்லது.

ஆய்வகத்தில் செய்துபார்த்தார்களா?

ஈர்ப்பைக் கொண்டு அல்ல, அதே கணிதம் பொருந்தும் வேறு அமைப்புகளில் செய்தார்கள். 2011-இல் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில், மீகடத்திச் சுற்று ஒன்றை மிக வேகமாக நகரும் கண்ணாடி போல இயங்கவைத்து, வெற்றிடத்திலிருந்து நுண்ணலை ஃபோட்டான்களை ஜோடியாக எடுத்தார்கள். 2022-இல் ஹைடல்பர்க் குழு, பொட்டாசியம் அணுக்களைக் கடுங்குளிரில் வைத்து, அணுக்களுக்கிடையிலான விசையைக் காந்தப் புலத்தால் மாற்றியது. அதில் ஒலியின் வேகம் மாறியது. ஒலி அலைகளுக்கு அது விரியும் பிரபஞ்சம் போலவே தெரிந்தது, ஒலித்துகள்களும் ஜோடியாகப் பிறந்தன. கணிதம் சரி என்பதற்கு இவை நல்ல சாட்சி. தொடக்கப் பிரபஞ்சத்தில் இது நடந்தது என்பதற்குச் சாட்சி இவையல்ல. அதற்கு வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு தேவையில்லையா?

பெரும்பாலும் இல்லை. புலங்களை குவாண்டமாகவும், கால-வெளியை ஐன்ஸ்டைன் சொன்ன பழைய முறையிலும் வைத்தே இந்தக் கணக்குகள் ஓடுகின்றன. ஆற்றல் பிளாங்க் அளவை (ஈர்ப்பின் குவாண்டம் தன்மையைப் புறக்கணிக்க முடியாத மிக உயர்ந்த ஆற்றலை) நெருங்கினால்தான் இந்தக் கலவை கைவிட்டுவிடும்.

நானே கணக்குப் போட்டுப் பார்க்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இளநிலை இயற்பியலில் வரும் சீரிசை அலையியற்றியின் குவாண்டம் கணக்கு தெரிந்தால் தொடங்கிவிடலாம். அதிர்வெண்ணை மாறிலியாக வைக்காமல், ஒரு மதிப்பிலிருந்து இன்னொரு மதிப்புக்கு மாறும் சார்பாக வையுங்கள். தொடக்கத்தில் ஒற்றை அதிர்வெண் அலையைக் கொடுத்து, பைத்தானில் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்த்து, முடிவில் எதிர் அதிர்வெண் பகுதி எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்தெடுங்கள். அதன் வர்க்கம்தான் பிறந்த துகள்களின் சராசரி எண்ணிக்கை. முதலில் மாற்றத்தை மெதுவாக வைத்து ஓட்டுங்கள், எண்ணிக்கை சுழியை ஒட்டியே இருக்கும். பிறகு மாறும் காலத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அலையின் ஓர் அதிர்வுக் காலத்தை அது நெருங்கும் இடத்தில் வரைபடம் சட்டென்று மேலேறும்.